ஐ.எம்.டி.எஸ். கண்காட்சிக்கு சிகாகோ போகிறவர்களுக்கு: மாலை ஐந்துக்கு மேல் டவுன்டவுனில் என்ன மிச்சம்?

லேத்துப்பட்டறை · ஆகஸ்ட் 4, இரவு 9:20

செப்டம்பர்ல மக்கார்மிக் பிளேஸ்ல நடக்கற மெஷின் டூல் கண்காட்சிக்குக் கோயமுத்தூர்ல இருந்து நாலஞ்சு பேர் வர்றோம். காலைல 9 மணில இருந்து 5 வரைக்கும் ஹாலுக்குள்ளதான். ரூம் லூப்னு சொல்ற டவுன்டவுன் பகுதில. முன்னாடி போயிட்டு வந்தவர் ஒருத்தர், "வில்லிஸ் டவர் ஏறிட்டு, அந்த பீன்ஸ் மாதிரி இருக்கறதுகிட்ட போட்டோ எடுத்துட்டா சிகாகோ முடிஞ்சுது, மீதியெல்லாம் ஆபீஸ் கட்டடம்"ங்கறார். அது சரிங்களா? சாயங்காலம் ரெண்டு மணி நேரத்துல வேற என்ன பார்க்கலாம்? எங்கள்ல ரெண்டு பேர் சைவம்.

---

லூப்வாசி · ஆகஸ்ட் 4, இரவு 10:05

சரியில்லை. மீதி ஆபீஸ் கட்டடம் என்பது உண்மை. பார்க்க வேண்டியதே அந்த ஆபீஸ் கட்டடங்கள்தான்.

சாயங்காலம் பார்க்கலாம் என்று நினைப்பதில்தான் சிக்கல். லாபிகள் அலுவலக நேரத்துக்குத்தான் திறந்திருக்கும். ஐந்து மணிக்கு ஹாலை விட்டுக் கிளம்பி ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள் லசால் வீதியில் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்கள். அதனால் லூப்பில் தங்குகிறவர்கள் காலையை லாபிகளுக்கும், மாலையை ஆற்றுக்கும் ஏரிக்கரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஹாலில் முதல் மணி நேரம் எப்படியும் கூட்டம் வரிசையில்தான் நிற்கும். ஒரு நாள் பத்து மணிக்குப் போனால் எதுவும் கெட்டுவிடாது.

காலைச் சுற்று இப்படி. ஆடம்ஸ்/வபாஷ் நிலையத்தடியில் ஆரம்பித்து ஆடம்ஸ் வீதியில் மேற்கே நடங்கள். டியர்பார்ன் முனையில் மார்க்கெட் (Marquette) பில்டிங் (1895), லாபியில் டிஃபனி நிறுவனத்தின் மொசைக். எதிர்ப்பக்கம் ஃபெடரல் பிளாசா, அதில் சிற்பி கால்டரின் சிவப்பு ஃபிளமிங்கோ சிற்பம் (1974), 53 அடி. டியர்பார்னில் தெற்கே ஒரு பிளாக் போனால் ஜாக்சன் முனையில் மொனாட்நாக் கட்டடம். ஜாக்சனில் மேற்கே லசால் முனையில் போர்டு ஆஃப் டிரேட் (1930). அங்கிருந்து வடக்கே திரும்பினால் ஆடம்ஸ் முனையில் ரூக்கரி கட்டடம் (1888). ஆடம்ஸிலேயே கிழக்கே திரும்பி வந்தால் அதே நிலையம், பச்சை லைன் ரயில் ஏறி நேரே ஹாலுக்குப் போய்விடலாம். மொத்த நடை ஒரு கிலோமீட்டர்தான், நின்று பார்த்தால் ஐம்பது நிமிடம்.

லாபிவரை பொதுவாக யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். படியேறினால் காவலர் கூப்பிடுவார். ரூக்கரியின் மேல்தளங்களுக்கு டூர் டிக்கெட் வேண்டும்.

---

லூப்வாசி · ஆகஸ்ட் 4, இரவு 10:31

பட்டறைக்காரர்கள் என்பதால் இது தனியாக. மொனாட்நாக்கின் வடக்குப் பாதி 1891. பதினாறு மாடி, பாரம் முழுக்கச் செங்கல் சுவர் மேல். கீழே சுவர் ஆறடி கனம். 1893 இல் சேர்த்த தெற்குப் பாதியில் எஃகுச் சட்டம் வந்துவிட்டது. இரண்டும் ஒட்டி நிற்பதால், ஜன்னல் ஓரத்தில் சுவர் கனத்தைப் பார்த்துக்கொண்டே தெற்கே நடந்தால் தொழில்நுட்பம் எங்கே மாறியது என்று கண்ணுக்கே தெரியும். படிக்கட்டில் அலுமினியம் போட்டிருக்கிறார்கள், கட்டடத்தில் அலுமினியம் வந்த ஆரம்ப உதாரணங்களில் ஒன்று. அடியில் இளகிய களிமண். எட்டங்குலம் இறங்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள், இறங்கியது சுமார் இருபது. அதனால்தான் தெருவிலிருந்து உள்ளே போகும்போது ஒரு படி கீழே இறங்க வேண்டியிருக்கிறது.

ரூக்கரியும் அதே களிமண் மேல்தான். தண்டவாளத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி கான்கிரீட் ஊற்றி மிதவை மாதிரி அஸ்திவாரம். லாபியில் இப்போது நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பளிங்கும் தங்கக் கோடுகளும் 1905 இல் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் மாற்றியது.

---

தயிர்சாதம்_60607 · ஆகஸ்ட் 5, காலை 7:12

பச்சை லைன் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆடம்ஸ்/வபாஷில் தெற்கே போகும் பிளாட்ஃபார்மில் பச்சையும் ஆரஞ்சும் ஒன்றாக வரும். மக்கார்மிக் பிளேஸுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் முதல் நாள் செய்யும் வேலை ஆரஞ்சில் ஏறுவதுதான். ரூஸ்வெல்ட் வரைக்கும் இரண்டும் ஒரே பாதை, அதற்கப்புறம் ஆரஞ்சு தென்மேற்கே மிட்வே விமான நிலையம் பக்கம் ஒடிந்துவிடும். தப்பாக ஏறிவிட்டால் பதறாமல் ரூஸ்வெல்ட்டில் இறங்கி அதே பிளாட்ஃபார்மில் நில்லுங்கள், பச்சை வரும்.

பச்சையிலும் இரண்டு பலகை: ஆஷ்லாந்து/63, காட்டேஜ் குரோவ். எதில் ஏறினாலும் செர்மாக்–மக்கார்மிக் பிளேஸில் நிற்கும். 2015 இல் திறந்த நிலையம். பழைய வழிகாட்டிகளில் இது இருக்காது, "ரயில் இல்லை, பஸ்தான்" என்று எழுதியிருப்பார்கள்.

---

லேத்துப்பட்டறை · ஆகஸ்ட் 5, காலை 11:40

நிலையத்துல இறங்கினா ஹால் வாசல்தானுங்களா?

---

தயிர்சாதம்_60607 · ஆகஸ்ட் 5, காலை 11:58

வெஸ்ட் பில்டிங் வாசல் பக்கம். உங்கள் ஸ்டால் எந்தக் கட்டடம் என்று பாருங்கள். கோயமுத்தூர் கொடிசியா மாதிரி ஒரே வளாகத்துக்குள் முடிந்துவிடாது: வெஸ்ட், நார்த், சவுத், ஏரி ஓரத்தில் லேக்சைட் சென்டர் என்று நாலு கட்டடம், நடைபாலங்களால் இணைத்திருக்கிறார்கள். காட்சித்தளம் மட்டும் 26 லட்சம் சதுர அடி. வெஸ்ட்டிலிருந்து லேக்சைட்டுக்கு உள்ளுக்குள்ளேயே கால் மணி நேர நடை. காலைச் சுற்று போகிற நாளில் இதையும் கணக்கில் சேருங்கள். ஷூ பழசாக இருக்கட்டும், புதுசு வேண்டாம்.

லேக்சைட் அல்லது சவுத்தில் ஸ்டால் என்றால் மெட்ரா எலக்ட்ரிக் என்ற புறநகர் ரயில் இன்னும் பக்கம். நிலையம் வளாகத்துக்குள்ளேயே. மில்லேனியம் ஸ்டேஷன் பத்து நிமிடத்துக்குள். ஆனால் இது சி.டி.ஏ. (பச்சை, ஆரஞ்சு லைன்களை ஓட்டும் நகரப் போக்குவரத்து நிறுவனம்) இல்லை, டிக்கெட் தனி, வங்கி அட்டையைத் தட்டி ஏற முடியாது. எல்லா வண்டியும் நிற்காது, இடைவெளியும் அதிகம். கால அட்டவணை பார்க்காமல் போய் நிற்கிற ரயில் அல்ல.

---

நடைராஜா · ஆகஸ்ட் 5, மாலை 6:30

இத்தனை ரயில் எதற்கு? சிகாகோ வீட்டு எண் தெரிந்தால் வரைபடமே வேண்டாம். ஸ்டேட் வீதியும் மாடிசன் வீதியும் சந்திக்கும் இடம் பூஜ்யம். அங்கிருந்து எந்தத் திசையிலும் 800 எண் ஒரு மைல். ஆடம்ஸ் 200 தெற்கு, ஜாக்சன் 300 தெற்கு. மக்கார்மிக் பிளேஸ் 2301 தெற்கு, அப்படியானால் கிட்டத்தட்ட 2.9 மைல்.

---

லூப்வாசி · ஆகஸ்ட் 5, இரவு 8:02

கணக்கு சரி, இடம் தவறு. 800க்கு ஒரு மைல் என்பது தெற்கின் முதல் மூன்று மைலுக்குப் பொருந்தாது. முதல் மைல் முடிவது ரூஸ்வெல்ட், அதன் எண் 1200. இரண்டாவது செர்மாக், 2200. மூன்றாவது 31ஆம் வீதி. அதற்குத் தெற்கேதான் 800 கணக்கு ஒழுங்காக வரும். ஆகவே 2301 என்பது மாடிசனிலிருந்து 2.1 மைல் சொச்சம், அதாவது மூன்றரை கிலோமீட்டருக்குள். அந்த முக்கால் மைல் வித்தியாசம்தான் நடப்பதா டாக்சியா என்று தீர்மானிக்கிறது.

நடக்கலாம் என்பதே என் கட்சி, அதுவும் செப்டம்பரில். ஐந்து மணிக்கு லேக்சைட் சென்டர் பக்கமாக வெளியேறுங்கள். எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று காவலரிடம் கேட்டுவிடுங்கள், கண்காட்சி நாட்களில் சில வாசல் ஒருவழி. வெளியே வந்தால் ஏரிக்கரைப் பாதை, அதில் வடக்கே நடங்கள். வலப்பக்கம் தண்ணீர், எதிரே நகரத்தின் முழு உயரம். சோல்ஜர் ஃபீல்டு, ஃபீல்டு மியூசியம் தாண்டி பக்கிங்ஹாம் நீரூற்றுவரை சுமார் மூன்று கிலோமீட்டர், நாற்பது நிமிடம். நீரூற்று (1927) மே முதல் அக்டோபர் நடுவரை ஓடும், மணிக்கொருமுறை இருபது நிமிடம் உயரமாகப் பீய்ச்சும். செப்டம்பர் நடுவில் சூரியன் மறைவது ஏழு மணிவாக்கில், அதனால் ஆறு மணி ஆட்டத்தை வெளிச்சத்தோடு பிடிக்கலாம்.

பாதையில் சைக்கிளுக்கும் காலுக்கும் தனித்தனித் தடம். சைக்கிள் தடத்தில் நின்று செல்ஃபி எடுப்பவர்களை யாரும் மன்னிப்பதில்லை.

---

நடைராஜா · ஆகஸ்ட் 5, இரவு 8:20

ஒத்துக்கொள்கிறேன். வடக்கே மட்டும் என் கணக்கு நிற்கும் 😀 நம் கடைகள் இருக்கும் டெவான் அவென்யூ 6400 வடக்கு: வகுத்தால் எட்டு மைல், அது சரிதான்.

---

லேத்துப்பட்டறை · ஆகஸ்ட் 6, காலை 10:15

டெவான்னு சொன்னதும் சாப்பாடு ஞாபகம் வந்துருச்சு. சைவத்துக்கு அங்க வரைக்கும் போகணுங்களா?

---

தயிர்சாதம்_60607 · ஆகஸ்ட் 6, பகல் 12:44

வார நாளில் வேண்டாம். லூப்பிலிருந்து சிவப்பு லைனில் லயோலா, அங்கிருந்து 155 பஸ் என்று ஒரு மணி நேரம் ஆகும். ஹாலில் இருந்து என்றால் இன்னும் கூட. ஒரு நாள் மதியமே ஓய்வு கிடைத்தால் போங்கள். வெஸ்டர்ன் அவென்யூவை ஒட்டி இரண்டு பக்கமும் நம் கடைகள். பட்டேல் பிரதர்ஸ் மளிகைக் கடை 1974 இல் தொடங்கியதும் அந்த வீதியில்தான். இட்லி, ரவா தோசை கிடைக்கும். வெள்ளிக்கிழமை இரவு டாக்சியில் போனால் கடைசி அரை மைலுக்கு மீட்டர் ஓடும், வண்டி ஓடாது.

டவுன்டவுனில் சைவம் கஷ்டமில்லை, ஏமாறும் இடங்கள்தான் உண்டு. மாடு சாப்பிடாதவர்கள் இதை மனப்பாடம் செய்யுங்கள்: "இட்டாலியன் பீஃப்" பேரிலேயே சொல்லிவிடுகிறது, ஆனால் சிகாகோ ஹாட் டாக் சொல்லாது, அது வழக்கமாக முழு மாட்டிறைச்சி. கைரோ என்ற கிரேக்க இறைச்சிச் சுருட்டலிலும் பெரும்பாலும் மாடு கலப்பு. சூப் கேட்கும்போது எந்த ஸ்டாக் (இறைச்சிச் சாறா, காய்கறிச் சாறா) என்று கேளுங்கள்.

டீப் டிஷ் பீட்சா சைவமாகக் கிடைக்கும், கீரை போட்டது நன்றாக இருக்கும். சீஸ் அடியில், தக்காளி மேலே. கனமான மாவு, அதனால் அடுப்பில் மட்டும் அரை மணிக்கு மேல். மேஜைக்காக வரிசையில் நிற்கும்போதே ஆர்டரைச் சொல்லிவிடுங்கள், பல கடைகளில் எடுத்துக்கொள்வார்கள். ஒரு துண்டு போதும், இரண்டாவது பந்தயத்துக்குத்தான். உள்ளூர்க்காரர்கள் வழக்கமாகச் சாப்பிடுவது மெல்லிசு, சதுரச் சதுரமாக வெட்டியது. மறுநாள் காலை ஸ்டாலில் நிற்க வேண்டியவர்களுக்கு அதுவே நல்லது.

பில்லைப் பார்த்து மலைக்காதீர்கள். டவுன்டவுன் உணவகங்களில் விற்பனை வரியோடு கூடுதலாக ஒரு சதவீதம், மக்கார்மிக் பிளேஸை நடத்தும் ஆணையத்துக்குப் போகிறது. நீங்கள் குடிக்கும் காபியிலும் ஹால் வாடகை இருக்கிறது. டிப் 18–20 சதவீதம்.

---

லூப்வாசி · ஆகஸ்ட் 6, இரவு 9:10

டாக்சி என்றதும் ஒன்று. ஆப்பில் வண்டி கூப்பிடும்போது வாக்கர் டிரைவில் நின்று கூப்பிடாதீர்கள். அது அடுக்கு வீதி: மேல் வாக்கர், கீழ் வாக்கர், சில இடங்களில் அதற்கும் கீழ். நீங்கள் மேலே நிற்பீர்கள், ஓட்டுநர் உங்கள் காலடியில் நிற்பார், இருவர் ஃபோனிலும் ஒரே புள்ளி. கீழே ஜி.பி.எஸ். சரியாக எடுக்காது. மிச்சிகன் அவென்யூவும் ஆற்றோரம் அப்படித்தான். மிச்சிகனுக்கு மேற்கே, லேக் வீதிக்குத் தெற்கே ஏதாவது ஒரு முனைக்கு நடந்துவிட்டுக் கூப்பிடுங்கள், அங்கே ஒரே தளம்.

இன்னொன்று, வாக்கர் ஆற்றோடு வளைவதால் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நாலு முன்னொட்டும் அதற்கு உண்டு. நகரத்திலேயே அப்படி வேறு வீதி இல்லை. முகவரியில் அந்த ஒரு சொல்லை விட்டால் அரை மைல் தள்ளி இறங்குவீர்கள்.

---

நடைராஜா · ஆகஸ்ட் 7, காலை 6:50

ஆற்றைப் பற்றி யாருமே சொல்லவில்லை. பட்டறை ஆட்களுக்கு அதைவிட என்ன வேண்டும்? பாலங்கள் எல்லாம் ஏற்றப்பாலங்கள். அச்சில் ஆடும் தளம், கரைக்குள் புதைந்த குழியில் எதிர்எடை. சமன் சரியாக இருப்பதால் சின்ன மோட்டாரே தூக்கிவிடும். சாலைத்தளத்தை மாற்றினால் எதிர்எடையையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். மிச்சிகன் அவென்யூ பாலத்தின் (1920) தென்மேற்குக் கோபுரத்துக்குள் பிரிட்ஜ்ஹவுஸ் மியூசியம், பல்சக்கரங்களையே பார்க்கலாம். கோடை சீசனில் மட்டும் திறப்பு.

படகு: கட்டடக்கலை மையத்தின் சுற்று 90 நிமிடம், அதே பாலத்தின் தென்கிழக்கு முனையில் ஏறணும். வழிகாட்டி நன்றாகச் சொல்வார்கள். மாலைப் படகு முன்பே விற்றுவிடும், ஊரிலிருந்தே பதிவு செய்யுங்கள்.

---

லூப்வாசி · ஆகஸ்ட் 7, காலை 8:15

படகுக்கு என் ஓட்டும் உண்டு. ஒரே ஒரு டிக்கெட்டுக்குக் காசு இருந்தால் டவருக்கு அல்ல, படகுக்கு. வில்லிஸ் டவர் 442 மீட்டர், பார்வைத்தளம் 103ஆம் மாடி. மேகம் தாழ்ந்தால் 103இலிருந்து வெள்ளைச் சுவர்தான் தெரியும், பணம் திரும்பாது. காலையில் தெருவிலிருந்து அண்ணாந்து பாருங்கள், உச்சி தெரியவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். "ஹான்காக் டவர் 96ஆம் மாடி பாரில் ஒரு ஜூஸ் வாங்கிக்கொண்டு இலவசமாகப் பார்க்கலாம்" என்ற பழைய யோசனையையும் மறந்துவிடுங்கள், அது 2023 இல் மூடிவிட்டது. 94ஆம் மாடிக்கு டிக்கெட்.

மலிவான காட்சி வேண்டுமா, பழுப்பு லைன். மெர்ச்சண்டைஸ் மார்ட்டில் தெற்கே போகும் வண்டியில் ஏறினால் வெல்ஸ் வீதியில் தெற்கே, வான் பியூரனில் கிழக்கே, வபாஷில் வடக்கே, லேக்கில் மேற்கே என லூப்பை முழுசாகச் சுற்றி ஏறிய இடத்துக்கே கொண்டுவரும். இரண்டாம் மாடி உயரத்தில், 1897இன் இரும்புப் பாலத்தில். வெளிப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள்.

---

படிமக்கண் · ஆகஸ்ட் 8, இரவு 11:03

நவம்பர் கடைசியில் ரேடியாலஜி மாநாட்டுக்கு வருகிறவர்களுக்கு இதில் எவ்வளவு பொருந்தும்?

---

தயிர்சாதம்_60607 · ஆகஸ்ட் 9, காலை 9:30

பாதிதான், மேடம்/சார். சூரியன் மாலை 4:20க்கே மறைந்துவிடும். ஏரிக்கரை நடை, நீரூற்று, பிரிட்ஜ்ஹவுஸ் மூன்றும் இல்லை, படகும் சந்தேகம். காதை மூடும் கம்பளித் தொப்பி, காற்று புகாத மேல்கோட்டு. ஒரே தடிமன் ஸ்வெட்டருக்குப் பதில் மெல்லிசாக மூன்று அடுக்கு, ஏனென்றால் உள்ளே எல்லா இடமும் சூடு. "பனிக்கட்டி விழும்" என்று நடைபாதையில் பலகை வைத்திருந்தால் அலங்காரம் என்று நினைக்காமல் எதிர்ப்பக்கம் போய்விடுங்கள்.

பதிலுக்குச் சில கிடைக்கும். டேலி பிளாசாவில் பிக்காசோ சிற்பத்தைச் (1967, 50 அடி) சுற்றி ஜெர்மன் கிறிஸ்துமஸ் சந்தை. ஆர்ட் இன்ஸ்டிடியூட் அருங்காட்சியகம் வியாழன் மட்டும் இரவு 8 வரை, செவ்வாயும் புதனும் விடுமுறை. மாநாட்டுக்காரர்கள் ஓய்வு கிடைக்கும் செவ்வாய் மதியத்தில் போய்ப் பூட்டிய கதவையும் வாசல் சிங்கச் சிலைகளையும் பார்த்துத் திரும்புவது வருடா வருடம் நடக்கிறது. கல்ச்சுரல் சென்டர் இலவசம், 38 அடி விட்டத்தில் டிஃபனி கண்ணாடிக் குவிமாடம். ஆனால் ஐந்து மணிக்கு மூடிவிடும்.

பெட்வே எனும் நிலத்தடி நடைவழியை நம்பி மேல்கோட்டை ரூமில் வைத்துவிட்டு வராதீர்கள். மில்லேனியம் ஸ்டேஷன், மேசீஸ், டேலி சென்டர், கிளார்க்/லேக் என்று கிழக்கு மேற்காகப் போகும், நடுநடுவே அறுந்துபோகும். ஒவ்வொரு துண்டும் மேலே இருக்கும் கட்டடத்தின் பொறுப்பு, அதனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் பூட்டும். வார இறுதியில் இன்னும் மோசம். மக்கார்மிக் பிளேஸுக்கு அது போகாது.

---

நடைராஜா · ஆகஸ்ட் 9, மாலை 5:47

ஆர்ட் இன்ஸ்டிடியூட் என்றதும் விவேகானந்தர். 1893 உலகக் கண்காட்சியில் அந்த இடத்தில்தானே பேசினார்? மிச்சிகன் அவென்யூவில் அவர் பேரில் பழுப்புப் பலகைகூட இருக்கிறது.

---

லூப்வாசி · ஆகஸ்ட் 9, இரவு 7:20

கண்காட்சி நடந்தது தெற்கே பத்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஜாக்சன் பார்க்கில். சர்வமத மாநாடு மட்டும் செப்டம்பர் 11 அன்று இந்தக் கட்டடத்தில் தொடங்கியது. அரங்கு தற்காலிகமானது, இப்போது இல்லை. ஃபுல்லர்டன் ஹாலைக் காட்டி "இங்கேதான் நின்றார்" என்பார்கள், அந்த ஹால் 1898 இல் வந்தது.

பழுப்புப் பலகை கௌரவப் பெயர், முகவரி ஆகாது. டாக்சியில் "விவேகானந்தா வே" என்று சொல்லாதீர்கள்.

அவரும் மாநாட்டுக்கு வந்தவர்தான். அளசிங்கப் பெருமாளும் மற்ற சென்னைச் சீடர்களும் திரட்டிய பணத்தில், ஜூலையிலேயே வந்து சேர்ந்துவிட்டார். மாநாடு செப்டம்பரில், அதுவும் அத்தாட்சிக் கடிதம் இல்லாமல் பிரதிநிதி ஆக முடியாது என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. சிகாகோ செலவு தாங்காமல் பாஸ்டன் பக்கம் போய், ஹார்வர்டு பேராசிரியர் ரைட்டிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு திரும்பினார். நீங்கள் பேட்ஜை ஊரிலேயே பதிவு செய்துகொண்டு வாருங்கள்.

---

லேத்துப்பட்டறை · ஆகஸ்ட் 10, காலை 9:05

😀 ஆச்சுங்க. கடைசி நாள் பெட்டியோட என்ன பண்றது? ஃபிளைட் ராத்திரி, எமிரேட்ஸ்.

---

தயிர்சாதம்_60607 · ஆகஸ்ட் 10, காலை 10:22

பெட்டியை ஹோட்டல் பெல் டெஸ்கிலேயே விடுங்கள், ஹாலுக்கு இழுத்துப் போகாதீர்கள். ஹாலிலிருந்து பச்சை லைனில் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் நீல லைன் நிலையத்துக்குப் போங்கள். டியர்பார்ன் வீதிக்கு அடியில் ஓடுகிறது. கிளார்க்/லேக்கில் லிஃப்ட் உண்டு. ஓஹேருக்கு 45 நிமிடம், இரவு முழுக்க ஓடும். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும்போதுதான் கூடுதல் கட்டணம். திரும்பிப் போக சாதாரணக் கட்டணம்.

மறக்கக் கூடாதது: நீல லைன் இறக்கிவிடுவது 1, 2, 3 டெர்மினல்களுக்கு நடுவே. எமிரேட்ஸ் டெர்மினல் 5. அங்கிருந்து இலவச இணைப்பு ரயில் பிடிக்கணும், அதற்கு இருபது நிமிடம் தனியாக வையுங்கள்.

---

லூப்வாசி · ஆகஸ்ட் 10, காலை 10:40

கடைசி நாள் சனிக்கிழமை என்றால் ரூக்கரி லாபியை அன்றைக்கு நம்ப வேண்டாம். செவ்வாய், புதன் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

---

லேத்துப்பட்டறை · ஆகஸ்ட் 10, காலை 11:18

செவ்வாய்னு குறிச்சாச்சுங்க. ஸ்டால் வெஸ்ட் பில்டிங்தான், இப்பத்தான் கேட்டேன்.